இரும்பில்லாத தெரு

ஈரோட்டின் பொருள் வரைபடத்தில், பழைய ரயில்வே மேம்பாலத்தை ஒட்டிக் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் வெள்ளையாக இருந்தது. முதலில் திரையில்தான் ஏதோ கோளாறு என்று பூங்கோதை நினைத்தாள். துப்பட்டா நுனியால் துடைத்துப் பார்த்தாள். வெள்ளை அப்படியே இருந்தது.

ஊரின் மற்ற பகுதிகளெல்லாம் நிறத்தால் நிரம்பியிருந்தன. இரும்புக்கு நீலம், செம்புக்கு ஆரஞ்சு, அலுமினியத்துக்குச் சாம்பல். எங்கே அதிகமோ அங்கே நிறம் அடர்த்தி. பெரிய துணிக்கடைகள் இருந்த வீதி கறுப்போ என்று சந்தேகப்படும் அளவுக்கு நீலமாக இருந்தது. இரும்புத் தாதுக்காகவும் மணலுக்காகவும் கல்லுக்காகவும் பூமியைத் தோண்டக்கூடாது என்று சட்டம் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு புதிதாக எதைக் கட்ட வேண்டுமென்றாலும் பழைய ஒன்றைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். எந்தக் கட்டடத்துக்குள், எந்தப் பாலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதைப் பிரிப்பது? அதற்காக வந்ததுதான் பொருள் வரைபட இயக்ககம். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் நுண்துகள்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு போகின்றன. இரண்டு பக்கமும் தகடு வைத்து, எது எவ்வளவு மறிக்கிறது என்று பிடித்தால் கம்பி எங்கே, கல் எங்கே என்பது படமாக வந்துவிடும். எக்ஸ்ரே மாதிரிதான், ஆனால் நிதானமாக வேலை செய்யும் எக்ஸ்ரே.

வரைபடம் வந்து கொஞ்ச காலத்திலேயே அது இயக்ககத்தின் கையை மீறிப் போய்விட்டது. வங்கிக்காரர்கள் கடன் கொடுக்க வீட்டின் நிறம் கேட்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட, நட்சத்திரம் கேட்ட கையோடு நிறத்தையும் கேட்டார்கள்.

பூங்கோதை அங்கே சரிபார்ப்புப் பொறியாளர். ஒரு கட்டடத்தையோ பாலத்தையோ பிரித்தெடுக்கும் முன் கடைசிக் கையெழுத்து அவளுடையது. மேம்பாலத்துக்கான கோப்பு அன்று அவள் மேசைக்கு வந்திருந்தது. ரயில் பாதையை வேறு பக்கம் மாற்றிய பிறகு அந்தப் பாலத்தில் ஆட்டு மந்தைகளும் சில டூவீலர்களும்தான் போய் வந்தன. ஆனால் உள்ளே ஏராளமான இரும்பு. கையெழுத்துப் போட வேண்டியதுதான். அந்த வெள்ளைதான் அவளை உறுத்தியது.

கோப்பை எடுத்துக்கொண்டு இணை இயக்குநர் சகாயராஜின் அறைக்குப் போனாள். அவர் தாழம்பூ நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், பாலத்துக்குப் பக்கத்துல ஒரு வெள்ளை இருக்கு."

"கரட்டுப்புதூர் காலனி. போன சுற்றிலேயே அளந்தாச்சு. வெள்ளைன்னா எடுக்க ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"மண் வீடுன்னாலும் கொஞ்சம் நீலம் வரும் சார். நிலைக்கு மேல ஒரு கம்பியாவது போட்டிருப்பாங்க. இதுல அதுகூட இல்ல. மேல காங்கிரீட் கூரைன்னு பதிவுல இருக்கு."

"அதனால?"

"கம்பியே இல்லாம காங்கிரீட் கூரை எப்படி சார் நிக்குது?"

சகாயராஜ் டம்ளரை வைத்தார். இவள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் பதில் கிடைக்கும் வரை விடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். "திங்கட்கிழமை மெஷின் வருது, பூங்கோதை. அதுக்குள்ள பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடுங்க. குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு இந்த இரும்பு போகுது. தூண் மட்டும் எழும்பி மழையில நனைஞ்சுட்டு நிக்குது."

மறுநாள் காலை டெக்னீஷியன் காஜா மைதீனோடு அவள் வண்டியில் போய் இறங்கினாள். ஒரு பக்கம் கரடு. பாறையும் கள்ளியுமாக உயர்ந்த சின்ன மலை. இன்னொரு பக்கம் மேம்பாலம் தரையிலிருந்து ஏறத் தொடங்கும் சரிவு. அந்தச் சரிவின் மண்ணைத் தாங்கி ஒரு கனத்த பக்கச்சுவர். இரண்டுக்கும் நடுவில் ஒரே வரிசையாக வீடுகள், ரயில் பெட்டிகளைக் கோத்துவிட்டது போல. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுச் சுவர். முதல் வீடு பாறையில் முட்டியிருந்தது. கடைசி வீடு பாலத்தின் சுவரில்.

கடைசி வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துண்டுகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண் தலை நிமிராமலே பேசினாள்.

"மறுபடியும் அளக்கோணுங்களா? முன்னொருக்கா வந்து அளந்துபோட்டு வெள்ளைன்னு எழுதீட்டுப் போனாங்க. அதுக்கப்பறம் எங்க தெருவுக்கு யாரும் பொண்ணும் குடுக்கறதில்ல, கடனும் குடுக்கறதில்லீங்க."

அவள் பெயர் செங்கமலம். வரிசையில் பாதிப் பேருக்கு அவள்தான் வேலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதேதாங்க்கா, ஏன் வெள்ளைன்னு பாக்கத்தான் வந்தோம்," என்றாள் பூங்கோதை.

"ஏன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. கட்டுனவன் கம்பிய வித்துத் தின்னுபோட்டான். கவர்மெண்டு வீடுங்க. எங்கய்யன் காலத்துல குடுத்தது. காண்ட்ராக்டரு வீடு குடுத்த கையோட ஊரவுட்டே போயிட்டாராம்."

"அப்படின்னா இந்நேரம் விழுந்திருக்கணுமே."

செங்கமலம் இப்போதுதான் தலை தூக்கிப் பார்த்தாள். "விழோணுமுன்னு சொல்றீங்களா அம்மிணி?"

"ஐயோ, அப்படிச் சொல்லலக்கா. விழாம நிக்குதே, அது எப்படின்னு தெரிஞ்சுக்கணும்."

அந்தப் பதில் செங்கமலத்துக்குப் பிடித்துப்போயிற்று. மெஷினை நிறுத்திவிட்டுக் காபி போட எழுந்தாள்.

காஜா வீட்டுக்குள்ளும் கூரை மேலும் தகடுகளைப் பொருத்தினான். படம் சேர நேரமாகும். அதுவரை பூங்கோதை ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். எங்கும் தட்டையான வெள்ளைப் பூச்சு, ஒரு விரிசல்கூட இல்லை. சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தை பதிலுக்குத் தட்டியது.

"இங்க யாராச்சும் சுவரை இடிச்சு மாத்திக் கட்டியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

செங்கமலம் சிரித்தாள். "பழனிச்சாமின்னு ஒருத்தரு. நடு வரிசையில இருக்கறாரு. அண்ணன் தம்பி ரெண்டு வீட்டுக்கும் நடுவால கதவு வெக்கறமுன்னு செவத்த ஒடச்சாருங்க. ரெண்டு கல்லத்தான் எடுத்தாரு. அக்கட்டால மூணு வீட்டுல, இக்கட்டால மூணு வீட்டுல மேல விரிசல் ஓடிப்போச்சு. அப்படியே அடைச்சுப் பூசிப்போட்டாங்க. அதுல இருந்து யாரும் செவத்துல கை வெக்கறதில்ல."

பூங்கோதை கையிலிருந்த காபியைக் குடிக்க மறந்து நின்றாள். அவர் வீட்டுச் சுவரை உடைத்தால் அவர் வீட்டுக் கூரைதானே விரிய வேண்டும்? மூன்றாவது வீட்டுக்கு அது எப்படித் தெரிந்தது?

மறுநாள் மத்தியானம் படம் வந்தது. காஜா வண்டிக்குள் திரையைத் திருப்பிக் காட்டினான்.

கூரை தட்டையாகவே இல்லை. கீழே தெரிந்தது வெறும் மறைப்பு: மூங்கில் தப்பைகளைக் கட்டி, சுண்ணாம்பு பூசியது. அதற்கு மேலே செங்கற்களைக் குத்துக்குத்தாக அடுக்கி, சுவருக்குச் சுவர் ஒரு சாண் உயரத்துக்கு வில்லாக வளைத்திருந்தார்கள். வளைவின் மேல் ஓட்டுச்சில்லையும் சாம்பலையும் கொட்டி நிரவி, மொட்டைமாடிக்குத் தட்டை முகம் கொடுத்திருந்தார்கள். கம்பி இல்லை. தேவையும் இல்லை.

"வளைவு மேடம்," என்றான் காஜா. "பழைய பாலத்துக்குக் கட்டுவாங்களே, அது மாதிரி."

"ஆனா வளைவு சும்மா நிக்காது காஜா. ரெண்டு பக்கச் சுவரையும் வெளிப்பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும். ஒத்தை வீடா இருந்தா சுவர் சாஞ்சுடும்."

"பக்கத்து வீட்டு வளைவு இந்தப் பக்கமா தள்ளுமே."

"ஆமா. அதுக்கும் இதுக்கும் சரியாப் போயிடும். அடுத்ததுக்கு அடுத்தது." அவள் வெளியே இறங்கி வரிசையைப் பார்த்தாள். "கூட்டமான டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே தூங்கியிருக்கீங்களா?"

"தினமும்."

"ஏன் விழல?"

"விழ எடம் ஏது? சுத்தி ஆளு."

"முன்னாடி கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளு எறங்கிட்டா?"

காஜா பாலத்தின் பக்கச்சுவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். திங்கட்கிழமை மெஷின் அந்தச் சுவரில்தான் முதல் பல்லை வைக்கும்.

பாலத்தின் மேல் ஏறி நின்று பூங்கோதை கூரைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தைவிட ஆச்சரியம்தான் அவளுக்கு அதிகமாக இருந்தது. ஒருவன் கம்பியைத் திருடியிருக்கிறான். இன்னொருவர், யாரென்று தெரியாத ஒருவர், கம்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் வேலையை விட்டுப் போகவில்லை. பாறையைப் பார்த்திருக்கிறார், பாலத்தைப் பார்த்திருக்கிறார், நடுவில் ஒரு தெருவையே வளைத்து நிறுத்தியிருக்கிறார். அதிகாரிகள் கண்டுபிடித்து நிறுத்திவிடக்கூடாதென்று கீழே தட்டையாகப் பூசி மறைத்தும் இருக்கிறார். கொத்தனாரா, மேஸ்திரியா, மேற்பார்வைக்கு வந்த சின்ன அதிகாரியா? செங்கமலத்திடம் கேட்டாள். யாருக்கும் நினைவில்லை.

வெள்ளிக்கிழமை சகாயராஜ் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அழகா இருக்கு," என்றார். "அதுல சந்தேகமே இல்ல. ஆனா நான் என்ன செய்ய முடியும்? ஒண்ண எடுக்காம விடணும்னா, அதவிட மதிப்பான ஒண்ணு அத நம்பி இருக்குன்னு வரைபடத்துல காட்டணும். அதான் விதி. அந்த வீடுகளுக்கு மதிப்பே இல்லையே. வெள்ளை."

"அதுக்குள்ள மனுஷங்க இருக்காங்க சார்."

"மனுஷங்களுக்கு வரைபடத்துல நிறம் கிடையாது, பூங்கோதை. காலி பண்ணச் சொல்லி வேற இடம் குடுக்கலாம். அவ்வளவுதான்."

"வேற இடத்துல வீடு கட்டணும்ல? அதுக்கு எவ்வளவு இரும்பு ஆகும்?"

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அந்த இரும்பு இன்னைக்கு செலவாகாம இருக்கு சார். ஏன்னா அவங்க கம்பியே இல்லாத வீட்டுல இருக்காங்க. செலவாகாத இரும்பும் இருப்புதானே? அதையும் வரைபடத்துல காட்டலாமே."

சகாயராஜ் நாற்காலியில் சாய்ந்தார். "செலவாகாத இரும்பு," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. "சரிவுச் சுவர்ல இரும்பு குறைவுதான். பாலத்தோட நடுப்பகுதியை மட்டும் எடுத்துட்டு, சுவரையும் மண்ணையும் விட்டுடலாம். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் குறையும். சமாளிக்கலாம்." பிறகு விரலால் மேசையைத் தட்டினார். "புதுசா ஒரு கணக்கு ஆரம்பிக்கிறீங்க. இது எங்க போய் நிக்கும்னு யோசிச்சீங்களா?"

அவள் யோசிக்கவில்லை. திங்கட்கிழமையைத் தவிர வேறு எதையும் அப்போது அவளால் யோசிக்க முடியவில்லை.

வரைபடத்தில் முதல்முறையாகப் பச்சை வந்தது. செலவாகாத இரும்புக்குப் பச்சை. கரட்டுப்புதூர் ஒரு சின்ன வெற்றிலை போல அங்கே கிடந்தது. மெஷின் வந்து பாலத்தின் நடுவைக் கடித்து எடுத்துக்கொண்டு போயிற்று. சரிவு மட்டும், எங்கும் போய்ச் சேராத பாதையாக அப்படியே நின்றது. பிள்ளைகள் அதில் சைக்கிள் விட்டார்கள். பழனிச்சாமியின் மகனுக்குக் காங்கேயத்தில் பெண் அமைந்தது. கல்யாணத்துக்குப் போன பூங்கோதையைச் செங்கமலம் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்காரவைத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அரசாணை வந்தது. 'கரட்டுப்புதூர் முறை' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். முன்னுரையில் பூங்கோதைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இனி குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டும் வீடுகளில் இரும்பு இருக்காது, எல்லாம் வளைவு. அவள் பெருமையோடுதான் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இப்போது இரும்போடு இருக்கும் அவர்களது அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பிரித்து, குடியிருப்போரைப் புதிய வளைவு வீடுகளுக்கு மாற்றுவது. முதலில் ஆற்றோரக் குடியிருப்பு.

அன்று சாயங்காலமே செங்கமலத்திடமிருந்து போன் வந்தது.

"அம்மிணி, நீங்க எழுதுனதுல தப்புச் சொல்லலீங்க. நீங்க இல்லீன்னா நாங்க இன்னைக்கு எங்கியோ. ஆனா எந் தங்கச்சி அம்சவேணி அந்த ஆத்தோர அப்பார்ட்மெண்டுலதானுங்க இருக்கறா. காலி பண்ணுன்னு வந்து நிக்கறாங்களாம். இவ மாட்டேன்னிருக்கறா. அதுக்கு அவுங்க, உங்கக்கா இரும்பில்லாம இருக்கறப்ப உனக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டாங்களாம்."

பூங்கோதை அரசாணையின் இரண்டாம் பக்கத்தை மறுபடி எடுத்தாள்.

"எனக்கு அவகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணும் வரலீங்க. அதான் உங்களக் கேக்கறேன்."

"பாத்துட்டுச் சொல்றேங்க்கா," என்றாள் பூங்கோதை.

வரைபடத்தைத் திறந்தாள். துணிக்கடை வீதி அதே நீலம். பங்களாக்கள் இருந்த பகுதி அதே நீலம். ஒவ்வொன்றிலும் ஓர் அடுக்குமாடியைக் கட்டும் அளவுக்கு இரும்பு. எடுப்புப் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. சகாயராஜிடம் போய்க் கேட்டாள்.

"அங்கெல்லாம் இரும்பு இல்லாம வீடு நிக்கும்னு யாரும் நிரூபிக்கலையே," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் அன்னைக்கே கேட்டேன், பூங்கோதை."

"கேட்டீங்க சார்."

சில மாதங்களில் புதிய வீடுகள் வெள்ளோட்டுப் பக்கம் மேட்டாங்காட்டில் எழும்பிக்கொண்டிருந்தன. வளைவு சரியாக வருகிறதா என்று பார்க்கும் சாக்கில் அவள் போனாள். சாக்குத்தான், ஆனால் உண்மையிலேயே பார்க்க ஆசையும் இருந்தது. போய்ப் பார்த்தபோது மனம் கொஞ்சம் இளகியது. வேலை சுத்தமாக இருந்தது. கீழே மூங்கில் மறைப்பு இல்லை. வளைவை மறைக்காமல் விட்டிருந்தார்கள். செங்கல் செங்கலாக அது மேலே போய் இறங்குவதைப் பார்க்க நன்றாகவே இருந்தது. உள்ளே வெயில் தெரியவில்லை. முதல் வரிசையில் ஏற்கெனவே குடிவந்திருந்தார்கள். மாட்டேன் என்ற அம்சவேணியும் வந்து வாசலில் கோலம் போட்டிருந்தாள். அக்காவைப் போலவே முகம், அக்காவைவிடக் கறாரான குரல்.

"வீடு நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள். "ஆத்துல தண்ணி வந்தா மூணாவது மாடியில பத்திரமா இருந்தோம். இங்க ஆறு இல்லீங்க, அதனால அதுவும் பரவால்ல. ஆனா எங்களக் கேக்கல பாருங்க, அதுதான்."

பூங்கோதை வரிசையின் ஓரமாக நடந்தாள். ஒரு முனையில் மண்மேடு இருந்தது. பரவாயில்லை. மறுமுனைக்குப் போனாள். கடைசி வீட்டுக்கு அப்பால் சோளக்காடு. அதற்கும் அப்பால் வானம். கடைசிச் சுவருக்குச் சாய்வாக நாலைந்து சவுக்குக் கட்டைகளை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

இளம் சைட் இன்ஜினியர் ஒருவர் ஓடிவந்தார். பெயர் தமிழ்மாறன் என்றார்.

"இந்தப் பக்கம் எதுல சாயுது?" என்று கேட்டாள்.

"அடுத்த கட்டத்துல இங்க இன்னும் வீடுங்க வருது மேடம்."

"அதுவரைக்கும்?"

"சவுக்கு இருக்கு மேடம்."

"அடுத்த கட்டம் எப்ப?"

அவர் சோளக்காட்டைப் பார்த்தார். "நிலம் இன்னும் கைக்கு வரல."

"கரட்டுப்புதூர்ல அந்த முனையில பாறை, இந்த முனையில பாலம். நீங்க வரைபடம் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் மேடம். அதுல பச்சையா இருந்தது வீடுங்க மட்டும்தான். அதைத்தான் காப்பி பண்ணச் சொன்னாங்க."

பாறைக்கு அவள் நிறம் கொடுக்கவில்லை. பாலத்தின் சுவருக்கு, எடுக்க வேண்டாம் என்று ஒரு குறி மட்டும் போட்டாள். பச்சை முழுவதையும் வீடுகளுக்கே கொடுத்திருந்தாள். கடைசி வீடு இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாமல் பூட்டியிருந்தது. அதற்கு முந்தின வீடுதான் அம்சவேணியுடையது.

திரும்பி வந்து இயக்ககத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். ஒவ்வொரு வரிசையின் முனைக்கும் கருங்கல்லில் தாங்குசுவர் வேண்டும் என்று படத்தோடு எழுதினாள். 'அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில், வேறு தேதியில். நேரில் போனாள். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், கல்லுக்குச் சட்டத்தில் எவ்வளவு கெடுபிடி என்று விளக்கினார்கள். வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. சவுக்குக் கட்டைகள் நனையும் என்ற நினைப்பைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லை.

அப்போதுதான் ஊழியர் விதிகளில் இருந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. இயக்ககம் கட்டும் எந்தக் குடியிருப்பிலும் சில வீடுகளை ஊழியர்கள் குவார்ட்டர்ஸாகக் கேட்கலாம். யாரும் கேட்டதில்லை. வெள்ளோட்டுக்கு முன் இயக்ககம் வீடு கட்டியதே இல்லை.

வெள்ளோடு, முதல் வரிசை, கடைசி வீடு என்று எழுதிக் கொடுத்தாள்.

இயக்ககத்தில் அது பெரிய சிரிப்பானது. சத்தி ரோட்டில் நல்ல நீலத்தில் வாடகை வீட்டை வைத்துக்கொண்டு மேட்டாங்காட்டுக்குப் போகிறாளாம். காஜா மட்டும் சிரிக்கவில்லை. சாமான் ஏற்ற வண்டி கொண்டுவந்தான். பீரோவை இறக்கும்போது, "மேடம், உங்க கட்டிலை எந்தச் சுவரோரம் போடறது?" என்று கேட்டான்.

"கடைசிச் சுவரோரம்."

"தெரியும். இருந்தாலும் கேட்டேன்."

அங்கே முதல் சில நாட்கள் அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டைகள் கிறீச்சிடுவது கேட்டுக்கொண்டிருந்தது. அம்சவேணி விடிந்ததும் வந்து எட்டிப்பார்ப்பாள். "தைரியந்தானுங்க உங்களுக்கு," என்பாள். அது தைரியமில்லை என்று பூங்கோதைக்குத் தெரியும். பயந்தாள். பயந்துகொண்டே இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு லாரிகள் வந்து நின்றன. கருங்கல். பின்னாலேயே தமிழ்மாறன் பைக்கில் வந்தார்.

"மேலிருந்து போன் மேடம். சரிபார்ப்புப் பொறியாளர் குடியிருக்கிற வீட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா பேப்பர்ல வந்துடுமாம். உடனே கட்டச் சொன்னாங்க."

"கல்லுக்குக் கெடுபிடின்னாங்களே?"

"இப்ப இல்லையாம்."

மழை வலுக்கும் முன் தாங்குசுவர் எழும்பிவிட்டது. சவுக்குக் கட்டைகளை அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். பூங்கோதை ஒரு நாள் முழுக்க லீவு போட்டுத் தூங்கினாள். எழுந்து வெளியே வந்து பார்த்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. மேட்டாங்காட்டில் இன்னும் பத்து வரிசைகள் எழும்பியிருந்தன. ஒவ்வொன்றும் மண்மேட்டில் தொடங்கி வெட்டவெளியில் முடிந்தது. லாரிகள் அவள் வரிசைக்கு மட்டும்தான் வந்தன. ஒரு வீட்டில்தான் அவளால் குடியிருக்க முடியும்.

சாயங்காலம் தங்கையைப் பார்க்க வந்த செங்கமலத்திடம் அதைச் சொன்னாள். அம்சவேணியும் இருந்தாள். மூவரும் வாசற்படியில் உட்கார்ந்து பக்கத்து வரிசைகளைப் பார்த்தார்கள்.

"உங்க ஆபீசுல மொத்தம் எத்தன பேருங்க?" என்று கேட்டாள் அம்சவேணி.

"அது இருக்கும் அறுபது பேருக்கு மேல."

"பத்துப் பேரு போதுமே."

"வரமாட்டாங்க அம்சவேணி. என்னையவே பைத்தியம்ங்கறாங்க."

"எங்கள எப்புடிக் கூட்டீட்டு வந்தீங்க?" என்றாள் அம்சவேணி. "அக்கா இருக்கறா, உனக்கென்னன்னுதானே? அதயே போய்ச் சொல்லுங்க. நீங்கதான் இருக்கறீங்கல்ல."

திங்கட்கிழமை காலை பூங்கோதை சகாயராஜின் அறைக்குப் போனாள். குவார்ட்டர்ஸ் விண்ணப்பம் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். பெயரையும் பதவியையும் அவளே நிரப்பியிருந்தாள். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

அவர் எடுத்துப் படித்தார். "இதுல என் பேரு இருக்கு."

"ஆமா சார்."

"இரண்டாவது வரிசை, கடைசி வீடு."

"ஆமா சார். இணை இயக்குநர்னா கல்லு இன்னும் சீக்கிரம் வரும்."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. விரலால் மேசையைத் தட்டினார், பிறகு நிறுத்தினார். சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தின் பக்கம் அவர் கண் போயிற்று. பங்களாப் பகுதியில் அடர்ந்த நீலத்தில் ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அங்கேதான் அவர் வீடு இருந்தது.

"என் வீட்டம்மாவுக்கு மாடி வேணும். வத்தல் போடணும்."

"மொட்டைமாடி இருக்கு சார். நல்ல தட்டை."

"வெயில்?"

"உள்ள தெரியாது சார். வளைவுக்கு மேல சாம்பல் போட்டிருக்கு."

சகாயராஜ் பேனாவின் மூடியைத் திருகினார், திறக்கவில்லை. மறுபடி திருகினார். அறைக்கு வெளியே யாரோ டீ வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார்கள்.

"அங்க தண்ணி எப்படி?" என்று கேட்டார்.